வீட்டுக்கடன் தவணை தவறினால்... ஏல அறிவிப்புக்கு முந்தைய நாட்கள்
வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன், பலரைக் குழப்பும் ஒரு சொல்லைப் பற்றி. அமெரிக்கச் செய்திகளில் ‘ஃபோர்குளோஷர்’ என்றால் வங்கி வீட்டைப் பறிப்பது. நம் ஊர் வங்கிக் கிளையில் அதே சொல்லுக்குக் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது என்று பொருள். ‘ஃபோர்குளோஷர் லெட்டர்’ கொடுங்கள் என்று கேட்டால் இன்றைய தேதியில் மொத்தம் எவ்வளவு பாக்கி என்று ஒரு கடிதம் தருவார்கள், அவ்வளவுதான். வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடுவதற்கு இங்கே இருப்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டை விற்கும் அதிகாரத்தை இது கடன் கொடுத்தவருக்குத் தருகிறது.

இரண்டு தவணை நின்றுவிட்டது. அடுத்த மாதமும் முழுசாகக் கட்ட முடியாது. ‘அக்கவுண்ட் என்.பி.ஏ. ஆகிவிடும்’ என்று கிளையில் எச்சரிக்கிறார்கள். அப்படி ஆனால் என்ன நடக்கும்? ஒரு தவணை மட்டும் கட்டிப் பயன் உண்டா?
– வாசகர், அம்பத்தூர்

கட்டுங்கள். 90 நாள் தாண்டும்வரை ஒரு தவணைக்கு இருக்கும் மதிப்பு, தாண்டிய பிறகு இருக்காது.

தவணை தவறிய நாளிலிருந்து 30 நாள் வரை ஒரு நிலை, 60 வரை இரண்டாவது, 90 வரை மூன்றாவது என்று வங்கியின் கணினி உங்கள் கணக்கைத் தள்ளிக்கொண்டே போகும். மிகப் பழைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதுதான் கணக்கு. நீங்கள் ஒரு தவணை கட்டினால் அது பழைய பாக்கியில் கழிந்து, நாள் கணக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பின்னுக்குப் போகும். ஆக, ஒரு தவணைக்கு ஒரு மாத அவகாசம் கிடைக்கிறது.

90 நாள் தாண்டி வாராக்கடன் (கிளையில் சொல்லும் ‘என்.பி.ஏ.’) ஆகிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அசல், வட்டி இரண்டிலும் உள்ள பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மறுபடி சீரான நிலைக்கு வரும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. நான்கு தவணை பாக்கியில் மூன்றைக் கட்டிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தவணைக் காலத்தை நீட்டித்துக் கேட்கலாமா என்ற யோசனை அடுத்து வரும். கேட்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள். ₹30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ₹26,035. ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் ₹26.4 லட்சம் நிற்கும். மீதமுள்ள 15 ஆண்டை 20 ஆக்கினால் தவணை சுமார் ₹22,950. மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தான் குறைகிறது. அதற்காக மொத்தத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். துண்டு விழுவது மூவாயிரம், நாலாயிரம் என்றால் நீட்டிப்பு உதவும். சம்பளமே நின்றுபோனவருக்கு இது மருந்தல்ல. நிதி நெருக்கடிக்காகத் தவணை மாற்றியமைத்தால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் பதியும்.

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சிறிய வீட்டுக்குக் குடிபோவது இதைவிடப் பலன் தரலாம். வீடு ₹18,000 வாடகைக்குப் போய், நீங்கள் ₹9,000 வீட்டில் இருந்தால் மாதம் ₹9,000 கையில் மிஞ்சும். தயக்கம் இருக்கும், புரிகிறது. ஆனால் செய்வதானால் இப்போதே செய்ய வேண்டும். காரணம் அடுத்த பதிலில்.

வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. 60 நாளில் முழுக் கடனையும் கட்டச் சொல்லும் நோட்டீஸ் என்று தெரியும். வாங்காமல் திருப்பி அனுப்பிவிடு என்கிறார் மைத்துனர்.
– வாசகர், மதுரை

மைத்துனர் சொல்வதைக் கேட்காதீர்கள். தபாலை வாங்க மறுத்தால், வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழில் போட்டும் சேர்ப்பிக்க விதி இடம் தருகிறது. 60 நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

இது சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் வரும் நோட்டீஸ். வாங்கியதும் பொறுமையாக உட்கார்ந்து சரிபாருங்கள். எந்தத் தேதியில் வாராக்கடன் ஆனது என்கிறார்கள், அந்தத் தேதிக்கு 90 நாள் முன்னால் உங்கள் கணக்கில் உண்மையிலேயே பாக்கி இருந்ததா? சர்வே எண், கதவு எண், பரப்பளவு உங்கள் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? கேட்கும் தொகை கடன் கணக்கு அறிக்கையோடு பொருந்துகிறதா? தாமதத்துக்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி வாங்குவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தடுத்தது. அபராதம் ‘கட்டணம்’ என்று தனியாகத்தான் இருக்கலாம், அதன்மேல் வட்டி ஏறக்கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழையவற்றுக்கு அதே ஆண்டு ஜூன் முடிவதற்குள்ளும் இது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

தவறு இருந்தால் 13(3ஏ) பிரிவின்கீழ் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வங்கி கடமைப்பட்டது. ‘குடும்பக் கஷ்டம், கருணை காட்டவும்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதால் ஆவது ஒன்றுமில்லை. எந்தத் தேதி, எந்த வரவு, எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள். பதில் தராமலே வீட்டைக் கையகப்படுத்தினால், பின்னால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் அது உங்கள் பக்கத்து வலுவான வாதம்.

சட்டமே பொருந்தாத இடங்களும் உண்டு. அடமானம் வைத்தது விவசாய நிலமாக இருந்தால் சர்ஃபாசி செல்லாது. பட்டாவில் ‘நஞ்சை’ என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்க வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் செல்லாது. கடன் கொடுத்தது வங்கியாகவோ வீட்டுவசதி நிதி நிறுவனமாகவோ இல்லாமல் சாதாரண நிதி நிறுவனமாக இருந்தால், ₹20 லட்சத்துக்குக் கீழான கடனுக்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. ₹12 லட்சக் கடனுக்கு சர்ஃபாசி நோட்டீஸ் வந்திருந்தால், அனுப்பியவர் யார் என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. இந்த நோட்டீஸ் கைக்கு வந்தபின், வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ 13(13) பிரிவு தடை போடுகிறது. வாடகைக்கு விடுவதானால் இப்போதே என்று மேலே சொன்னது அதனால்தான்.

தவணை கட்டாததற்கு போலீஸ் கைது செய்யுமா? வசூலுக்கு வந்தவர் அப்படித்தான் மிரட்டுகிறார்.
– வாசகி, வேலூர்

கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. ஆனால் நீங்கள் கொடுத்த காசோலை திரும்பினாலும், கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஆணை பணமின்றித் திரும்பினாலும் குற்ற வழக்குப் போட முடியும். இரண்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. அப்படியொரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. அந்த உறையை மட்டும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. உறவினர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. நாள், நேரம், எண் குறித்துவைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் கொடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம்.

தொழில் படுத்துவிட்டது. இனி இந்தக் கடனைக் கட்ட வாய்ப்பில்லை என்று எங்களுக்கே தெரிகிறது. நாங்களே விற்பதா, வங்கி ஏலம் விடட்டும் என்று அதுவரை வாடகையில்லாமல் குடியிருப்பதா?
– வாசகர், கோவை

‘எப்படியும் போகப்போகிறது, ஒன்றரை வருஷமாவது சும்மா இருப்போம்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் ‘சும்மா’வுக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சந்தையில் ₹48 லட்சம் போகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பாக்கியோடு சேர்த்துக் கடன் ₹27.5 லட்சம். அவசரத்துக்கு விற்பதால் ₹46 லட்சத்துக்கு நீங்களே கொடுத்தால், தரகு ஒரு சதவீதம் போக, கடனை அடைத்துக் கையில் ₹18 லட்சம் நிற்கும்.

அதையே வங்கி ஓராண்டு கழித்து ஏலம் விட்டால்? அந்த ஓராண்டு வட்டியே ₹2.3 லட்சத்துக்கு மேல். அபராதக் கட்டணம், வீட்டைக் கையகப்படுத்த வரும் வழக்கறிஞர் ஆணையர், நாளிதழ் விளம்பரம், மதிப்பீட்டாளர் என்று எல்லாச் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கடன் ₹31 லட்சத்தை எட்டிவிடும். ஏலத்தின் குறைந்தபட்ச விலையை வங்கியின் மதிப்பீட்டாளர் அறிக்கையை வைத்து நிர்ணயிப்பார்கள். அது ₹40 லட்சம், ஏலம் போனது ₹40.5 லட்சம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது ₹9.5 லட்சம். வித்தியாசம் ₹8.5 லட்சம். ஓராண்டு இலவசமாகக் குடியிருந்ததாக நினைத்தீர்களே, அதன் வாடகை மாதம் எழுபதாயிரம்! எண்கள் வீட்டுக்கு வீடு மாறும், சாய்வு மாறாது. ஏலத்துக்கு வருபவர்கள் மலிவுக்காகவே வருபவர்கள். உள்ளே ஆள் இருக்கும் வீடு, வழக்கு இருக்கும் வீடு என்றால் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள்.

ஆகவே விற்பது என்று முடிவானால் 13(2) நோட்டீஸ் வருவதற்கு முன்பே விற்பது உத்தமம். வந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை, வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கும் முறை இது. கிளையில் ‘ஃபோர்குளோஷர் லெட்டரும்’ வங்கியிடம் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியலும் வாங்குங்கள். கடிதத்தில் எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்று இருக்க வேண்டும். வாங்குபவரிடம் கடனை மறைக்காதீர்கள். பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் எப்படியும் தெரிந்துவிடும். விற்பனை ஒப்பந்தம் போடும்போது, வாங்குபவரின் பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போவதாக எழுதிக்கொண்டால் அவருக்கும் பயம் தெளியும். அவர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார் என்றால், அவருடைய வங்கி உங்கள் வங்கியின் பெயருக்கே டி.டி. எடுத்துத் தரும். கடன் தீர்ந்ததும் வங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து அடமானத்தை நீக்கும், மூலப் பத்திரங்களைக் கொடுக்கும், அதன்பின் கிரயம். பத்திரங்களைத் தர 30 நாளுக்கு மேல் தாமதித்தால், தவறு வங்கியுடையதாக இருந்தால், நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி முடித்ததற்காக அபராதம் வாங்கவும் கூடாது.

பெரும்பாலோர் மறந்துவிடுவது வருமான வரி. வீட்டை நீங்கள் விற்றாலும் வங்கி ஏலம் விட்டாலும், மூலதன ஆதாயம் உங்களுடையதுதான். கடனுக்குப் போன பணத்தை விற்பனை விலையிலிருந்து கழிக்க முடியாது. அண்மையில் வாங்கிய வீட்டில் ஆதாயம் பெரிதாக இருக்காது. அப்பா காலத்தில் சில லட்சத்துக்கு வாங்கிய வீட்டைத் தொழில் கடனுக்கு அடமானம் வைத்தவர்களுக்குத்தான் அடி. ஏலப் பணம் முழுவதும் வங்கிக்குப் போய்விடும், வரி நோட்டீஸ் இவர் பெயருக்கு வரும். நீங்களே விற்றால் வரிக்கு ஒதுக்கிவைக்கக் கையில் பணம் இருக்கும். அதோடு, வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், பழைய வரித் திட்டத்தில் அசலுக்காக முன்பு பெற்ற கழிவும் வருமானத்தில் திரும்பச் சேரும்.

நீங்களே விற்பது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. வீட்டின் விலையைவிடக் கடன் அதிகமாக இருந்தால் விற்று மிஞ்சப்போவது எதுவும் இல்லை. பில்டர் சொன்ன விலைக்கு வாங்கிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த நிலை இருக்கிறது. அங்கே ஒருமுறைத் தீர்வு (ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, மீதியை வாங்கிக்கொண்டு கடனை முடிப்பது) பற்றி வங்கியோடு பேசிவிட்டுத்தான் ஆள் பார்க்க வேண்டும்.

வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இரண்டு நாளிதழிலும் வந்துவிட்டது. உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?
– வாசகி, திருச்சி

உடனே வேண்டாம். இது காகிதத்தில் எடுத்துக்கொள்ளும் சுவாதீனம். சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கடிகாரம் இந்த நிமிடம் தொடங்கிவிட்டது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது 45 நாள். ஆளை வெளியேற்றும்போது போய்க்கொள்ளலாம் என்று காத்திருந்து இந்த 45 நாளைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காகிதச் சுவாதீனத்தை எதிர்த்தே போகலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. கடன்தாரர் கட்ட வேண்டிய கட்டணம், பாக்கி ₹10 லட்சத்துக்குக் கீழ் என்றால் லட்சத்துக்கு ₹500. அதற்கு மேல் ₹5,000உடன், பத்து லட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு லட்சத்துக்கும் ₹250. ₹28 லட்சம் பாக்கி என்றால் ₹9,500. வக்கீல் கட்டணம் தனி.

என்ன சொல்லிப் போவது என்பதுதான் முக்கியம். பணமில்லை என்பது தீர்ப்பாயத்தில் காரணமாகாது. நோட்டீஸ் சரியாகச் சேரவில்லை, ஆட்சேபத்துக்குப் பதில் தரவில்லை, சுவாதீனம் எடுத்த ஏழு நாளுக்குள் அறிவிப்பை இரண்டு நாளிதழில் – ஒன்று உள்ளூர் மொழியில் – வெளியிடவில்லை, சொத்து விவரம் தவறு, தொகை தவறு, விவசாய நிலம்... இப்படி நடைமுறைப் பிழையைக் காட்ட வேண்டும். இடைக்காலத் தடை கேட்டால் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம், அதற்குப் பணம் தயாராக இருக்க வேண்டும். தோற்றுவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் கடனில் பாதியை முன்வைப்பாகக் கட்ட வேண்டும், கால் பங்கு வரைதான் குறைப்பார்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், தீர்ப்பாயம் இருக்கும்போது ரிட்டை ஏற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதை நினைவில் வையுங்கள்.

நேரடிச் சுவாதீனம் எடுக்க வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுச் செய்யும். 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் மொத்தம் 60 நாளில், உத்தரவு வர வேண்டும். அந்தக் காலம் தாண்டியதால் உத்தரவு செல்லாது என்று வாதிட முடியாது, 2020இல் தீர்ந்துவிட்ட கேள்வி அது. பிறகு வழக்கறிஞர் ஆணையர் போலீஸ் பாதுகாப்போடு வருவார், பூட்டியிருந்தால் உடைப்பார். உள்ளே இருக்கும் சாமான் அடமானத்தில் இல்லை. பட்டியல் எடுத்து உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். நகை, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துச் சீட்டு இவற்றை அந்த நாளுக்கு வெகு முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஏல அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டது. இன்னும் 25 நாள் இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் புரட்டி முழுக் கடனையும் கட்டினால் வீடு தப்புமா?
– வாசகர், தாம்பரம்

சட்டப்படி அந்த உரிமை போய்விட்டது. முன்பு ஏலம் முடிந்து கிரயம் ஆகும்வரைகூட மீட்க இடமிருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சுருக்கி, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுத் தொகையும் செலவும் கட்ட வேண்டும் என்று ஆக்கியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

ஆனால் 25 நாள் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஏலம் நடக்கவில்லை, வங்கிக்கு வேண்டியது பணம். முழுத் தொகையோடு அதிகாரம் பெற்ற அலுவலரை இன்றே பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டு ஏலத்தை நிறுத்தக்கூடும், ஆனால் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது. வாய்வார்த்தையை நம்பிப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். ஏலத்தைத் திரும்பப் பெறும் கடிதம் முதலில், அல்லது இரண்டும் ஒரே நேரத்தில்.

ஏல நடைமுறையையும் பாருங்கள். முதல் ஏலத்துக்கு உங்களுக்கும் 30 நாள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். கேட்பார் இல்லாமல் மறு ஏலம் என்றால் 15 நாள் போதும். ஜெயித்தவர் அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை 15 நாளில், எழுத்துமூல நீட்டிப்பு இருந்தால் மூன்று மாதத்துக்குள். குறைந்தபட்ச விலைக்கும் கீழே, உங்கள் சம்மதம் இல்லாமல் விற்றுவிட முடியாது. இதில் எது பிசகினாலும் ஏலத்தை எதிர்க்க அது காரணம்.

ஒரு தரகர், பவர் எழுதிக் கொடுத்து ₹2 லட்சம் தந்தால் ஏலத்தை நிறுத்திவிடுவேன் என்கிறார்.
– வாசகர், ஈரோடு

கொடுக்காதீர்கள். அவரால் செய்ய முடிந்ததெல்லாம், ஏதாவது ஒரு மனுவைப் போட்டு ஒரு வாய்தா வாங்குவது. பவர் பத்திரம் உங்களுக்கு இரண்டாவது வில்லங்கம். கந்து வட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவதும் இதே ரகம். எட்டரை சதவீதக் கடனை மாதம் பத்து வட்டிக் கடனால் யாரும் அடைத்ததில்லை. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

வீடு ஏலம் போய்விட்டது, ஆனால் கடனைவிடக் குறைந்த தொகைக்கு. இத்தோடு முடிந்ததா? ஜாமீன் போட்ட அண்ணனை விடுவார்களா?
– வாசகர், சேலம்

முடியவில்லை. குறையும் தொகைக்குத் தனியாக வழக்குப் போடலாம் – ₹20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் தீர்ப்பாயத்தில், கீழே என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில். சாவியை ஒப்படைத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்ற எண்ணம் நம் சட்டத்தில் எடுபடாது. உங்கள் அண்ணனின் பொறுப்பும் உங்களுடையதற்குச் சமம். வீட்டை விற்கும்வரை காத்திராமல் முதலிலேயே அவரைத் தொடவும் சட்டம் இடம் தருகிறது. அவருக்கு முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை.

எதைத் தொட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதி, பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் முதல் ₹1,000மும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பத்திரம். இதனால்தான், காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்ட வீட்டுக்காக பி.எஃப். பணத்தை உருவிக் கொட்டாதீர்கள் என்கிறோம். யாரும் தொட முடியாத பணத்தைத் தொடக்கூடிய பணமாக நீங்களே மாற்றுகிறீர்கள்.

கடன் போக மீதி வந்திருந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டியது. வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்கும் என்று இருக்காமல், செலவுகளின் பட்டியலோடு கணக்கு கேட்டு எழுதுங்கள்.

ஒருமுறைத் தீர்வுக்கு வங்கி சம்மதிக்கிறது. ₹4 லட்சம் தள்ளுபடி. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

வீடு உங்களிடமே நிற்குமென்றால், பணம் எங்கிருந்து வரும் என்பது உறுதியாக இருந்தால், ஒப்புக்கொள்ளுங்கள். ஒருமுறைத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், வங்கி தானே முன்வரும்போது அதற்கு மதிப்பு உண்டு. கடிதத்தில் மூன்றைப் பாருங்கள்: கட்டி முடித்ததும் மூலப் பத்திரம் தருவார்களா, தீர்ப்பாய நடவடிக்கையைத் திரும்பப் பெறுவார்களா, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும். பெரும்பாலும் தவறினால் தீர்வு ரத்தாகி, தள்ளுபடி போய், கட்டியதெல்லாம் பழைய கடனில் கழியும். புரட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டு முன்பணத்தைக் கட்டிவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிபிலில் ‘செட்டில்டு’ என்று பதியும், ‘குளோஸ்டு’ என்று அல்ல. அடுத்துக் கடன் தருபவர் இதைப் பல ஆண்டுகளுக்குப் பார்ப்பார். தீர்வு கொடுத்த அதே வங்கி மறுபடி கடன் தருவதற்குக் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும். இணைக்கடன்தாரராகக் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருடைய அறிக்கையிலும் இது ஏறும். உங்கள் வயது, பிள்ளைகளின் கல்விக்கடன் தேவை இவற்றை வைத்து, ₹4 லட்சம் அதற்கு ஈடாகுமா என்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு ஈடாகும். முப்பதில் இருப்பவர் இரண்டுமுறை யோசிக்கலாம்.

கணவர் இறந்து இரண்டு மாதம். வீட்டுக்கடன் அவர் பெயரில். நான் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் கடன் அனுமதிக் கடிதத்தையும் முதல் மாதக் கணக்கு அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ‘காப்பீட்டு பிரீமியம்’ என்று ஒரு தொகை கடனோடு சேர்ந்திருந்தால், கடனுக்கு ஆயுள் காப்பீடு இருக்கிறது. வங்கியே இதைச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள், இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுத்தில் கேட்டு முத்திரை வாங்குங்கள். அவருக்கு பி.எஃப். இருந்திருந்தால் அதோடு இணைந்த காப்பீட்டில் ₹7 லட்சம் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு, அது தனி விண்ணப்பம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் முழுப் பொறுப்பு உங்களுடையது. இல்லையென்றால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே. உங்கள் நகையையோ உங்கள் சம்பளத்தையோ கேட்க முடியாது. ஆனால் வீடு அடமானத்தில்தான் இருக்கிறது, தவணை நின்றால் 90 நாள் கணக்கு உங்களுக்காக நிற்காது. காப்பீட்டுப் பணம் வரும்வரை நடவடிக்கை வேண்டாமென்று எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் ஒரு தவணையாவது கட்டி நாளை நகர்த்துங்கள்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ₹2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.
– வாசகர், செங்கல்பட்டு

வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்பே செய்த, பதிவான வாடகை ஒப்பந்தம் இருந்தால் தீர்ப்பாயத்தில் உங்கள் பேச்சுக்கு வலு உண்டு. பதிவில்லாத பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்து நீண்டநாள் தாக்குப்பிடிக்க முடியாது. அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியவர் வீட்டுக்காரர். வங்கியிடமோ ஏலத்தில் எடுத்தவரிடமோ அதைக் கேட்டு வாங்குவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரோடு பேசி, இனிவரும் மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகையைத் தன்னிடம் கட்டச் சொல்லி வங்கி எழுத்தில் கேட்டால் அதை மீறாதீர்கள், ஆனால் அட்வான்ஸ் கழிக்கும் ஏற்பாட்டை அன்றே வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.